சவுலின் ஈட்டியும் மேஸ்திரியின் கொக்கியும்

போன மாதம் என்னைப் பார்க்க இளம் உபதேசியார்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ராஜாவே இல்லாத நாடு, ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிற காலம். இதில் சவுலுக்குப் பின் தாவீது எப்படிப் பட்டத்துக்கு வந்தான் என்பதைத் தொழிலாளி ஜனங்களுக்கு எதற்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்ட தோரணையிலேயே, வேண்டியதில்லை என்று முடிவுகட்டிவிட்டு வந்திருப்பது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தம்பிகளா, அந்தக் கதையை நான் தண்டையார்பேட்டையில் சொல்லி, துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு வேலை நின்றுபோயிருக்கிறது” என்றேன். கிழவன் அளக்கிறான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அளப்பது என் சுபாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது அளப்பில்லை.

நான் ராயபுரத்துப் பிள்ளை. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு உபதேசியார் பயிற்சி. பயிற்சியில் மண்டையில் ஏறியது கொஞ்சம், தொண்டையில் ஏறியது அதிகம். தெருமுனையில் நான் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் தண்டையார்பேட்டை சபையில் என்னைப் போட்டார்கள். டோல்கேட்டில் தொடங்கி எண்ணூர் வரை என் எல்லை. ஞாயிறு ஆராதனை குருவானவருடையது. மற்ற நாட்களில் வீடு வீடாகப் போவது, சாவு வீட்டில் ஜெபம் பண்ணுவது, வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் வாசல் பூவரச மரத்தடியில் வேதக்கதை சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். அப்போதிருந்தவர் பாக்கியநாதன் ஐயர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் ஓரத்தால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். அவசரக்காரனான எனக்கு முதல் வருஷம் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. புதன்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, மறுநாள் சொல்லப்போகும் கதையை முழுக்கச் சொல்ல வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் ஏதாவது ஒன்றைத் தாவிவிட்டால் கோயில் சாவியால் மேஜையில் ஒரு தட்டு.

ஒரு தடவை தாவீதைப் பெரிய உத்தமனாக்கி, உரியாவின் பெண்டாட்டியை அவன் சேர்த்துக்கொண்ட விஷயத்தைக் கொஞ்சம் மழுப்பிப் பார்த்தேன். சாவியால் படபடவென்று தட்டினார். “வேதமே மறைக்காததை நீர் எதுக்குவே மறைக்கீர்? தாவீது உமக்குச் சொந்தக்காரனா?” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கே புத்தியில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ராஜாவுக்கும் நான் வெள்ளையடித்ததில்லை.

கதை சொல்வதில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு வேஷம் கொடுப்பேன். “நீ கோலியாத்து. எதிரே சின்னப் பையன் கவணோடு நிற்கிறான். இன்னா சொல்லுவே?” என்று கேட்டால், மூட்டை தூக்கும் ஆள் எழுந்து நின்று, “டேய் சோமாறி, வூட்டுக்குப் போயி பாலு குடிடா!” என்பான். கூட்டம் உருண்டு சிரிக்கும். அப்படிச் சொன்ன கதையை அவர்கள் சாகும்வரை மறக்கமாட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சமானமாக ஒருவரையும் நான் பார்த்ததில்லை, சொல்லிக்கொள்வதில் வெட்கமும் இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பெரும்பங்கு ஆபிரகாம் மேஸ்திரியின் ஆட்கள். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் கேங்கு அது. மேஸ்திரி மலை மாதிரி ஆள், ஆனால் வயசாகிவிட்டது. பெண்சாதி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இரண்டே பேர். மகளைக் கேங்கிலேயே சிறந்த வேலைக்காரனான தானியேலுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். ஒரே மகன் யோசேப்புக்கு முப்பது வயசிருக்கும். பல வருஷம் முன்னால், தூக்கிய சரக்கு அறுந்து விழுந்து அவன் இரண்டு காலும் நசுங்கிப்போயின. கட்டையை ஊன்றித்தான் நகருவான். அவனுக்குக் கேங்கில் ஒரு வேலை உண்டு. மூட்டைக்கு ஒரு குச்சியாக எண்ணிப் போடுவான், அதுதான் கணக்கு.

மூட்டை தூக்குகிற எல்லோரிடமும் கைக்கொக்கி இருக்கும். ஆனால் மேஸ்திரியின் கொக்கி வேறு விஷயம். காலையில் அவர் அதைக் கப்பலின் சரக்குக் குழி விளிம்பில் மாட்டினால் வேலை தொடங்கும். அவர் எடுத்தால் வேலை முடியும். வேறு எவனும் அதைத் தொடக்கூடாது. மேஸ்திரி தானாக இன்னொருவன் கையில் கொடுத்தால் அவன் அடுத்த மேஸ்திரி. மேஸ்திரி செத்துப்போனால், அவர் வீட்டிலிருந்து வாங்கி அடுத்தவனிடம் கொடுப்பார்கள். உயிரோடிருக்கும் மேஸ்திரியின் கொக்கியை ஒருவன் எடுத்தால், “நீ செத்துட்டே, நான் வந்துட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

அந்த வருஷம் நான் சவுல், தாவீது கதையை வாரா வாரம் சொல்லிக்கொண்டு வந்தேன். யுத்தத்திலிருந்து திரும்பியபோது பெண்கள் சவுலை விடத் தாவீதைப் பெரிதாக வைத்துப் பாடினார்கள் என்ற இடம் வந்தது. மறுநாள் காலையில் கேங்கு ஆட்கள் மூட்டை இழுக்கும்போது பாட்டுக் கட்டிவிட்டார்கள்: “மேஸ்திரி தூக்கினா நூறு மூட்டை, ஏலேலோ! மருமவன் தூக்கினா மலை மூட்டை, ஏலேலோ!” விளையாட்டுதான். என் கதை அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எனக்குப் பெருமை கூட வந்தது. மேஸ்திரிக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை.

அன்றிலிருந்து தானியேலைத் திட்டினார், கனமான பக்கத்திலேயே நிறுத்தினார். ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் கொக்கியையே அவன் மேல் வீசினார். அவன் விலகிக்கொண்டான். கடைசியில், “என் கேங்குல நீ வேணாம், போ” என்று விரட்டிவிட்டார். ஒரு மேஸ்திரி விரட்டியவனை, அவர் வாயால் சரி என்று சொல்லும்வரை இன்னொரு மேஸ்திரி சேர்க்கமாட்டார். தானியேல் பெண்சாதி அப்போது நிறைமாதம். அவன் தினமும் துறைமுக வாசல்வரை போய், வெறுங்கையோடு திரும்பினான்.

கேங்கில் பாதிப் பேர், “நீ தனியா கேங்கு கட்டு, நாங்க வர்றோம்” என்று அவனைத் தூண்டினார்கள். அவன் அசையவில்லை. ஆனால் வியாழக்கிழமைக் கதையைத் தவறாமல் கேட்டான். தன்னைக் கொல்லத் தேடி வந்து தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து தாவீது ஈட்டியை எடுத்துக்கொண்டு, ஆளைத் தொடாமல் போன கதையைச் சொன்ன அன்றைக்கு, அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கவனித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். துண்டுக்குள் எதையோ சுருட்டி வைத்திருந்தான். பிரித்து மேஜைமேல் வைத்தான். பார்த்தால் ஆபிரகாம் மேஸ்திரியின் கொக்கி!

“ஆளுங்க என்னை உள்ள இட்டுகினு போனானுங்க. மாமா சாப்பாட்டு நேரம் முடிஞ்சும் தார்ப்பாய் நெயல்ல தூங்கிகினு இருந்தாரு. ஆளுங்க, ‘கப்பல் தொரையை இட்டாந்து காட்டு, கெழவன் கதை முடிஞ்சிடும்’னானுங்க. நான் காட்டல. தாவீது பண்ணா மாதிரியே இத்த மட்டும் எட்த்தாந்துட்டேன். நீங்க போயி சொல்லுங்க உபதேசியாரே, நெனைச்சிருந்தா அவரைத் தீர்த்திருப்பேன், ஆனா மரியாதையா வுட்டுட்டேன்னு.”

“அடப்பாவி! தாவீது எடுத்தது ஈட்டிடா. நீ கொக்கியை எடுத்துக்கினு வந்திருக்கே!” என்றேன்.

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டான். அவன் நெஞ்சில் இருந்ததெல்லாம் மரியாதைதான். ஊர் கண்ணுக்குத் தெரிந்ததோ பட்டாபிஷேகம்.

கொஞ்ச நேரத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டும் காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். “பேஜாராப் பூட்ச்சு உபதேசியாரே! கொக்கி இல்லாம எவனும் மூட்டையைத் தொடமாட்டேன்றான். கப்பல் சொம்மா நிக்குது. பாதிப் பேரு தானியேலுதான் மேஸ்திரின்றான், பாதிப் பேரு அவன் கையை வெட்டணும்றான்” என்றார். மேஜைமேல் கொக்கியைப் பார்த்தார், தரையில் தானியேலைப் பார்த்தார். “தாவூது நபி எங்களுக்கும் நபிதான். ஆனா அவரு மெட்ராஸ் ஆர்பர்ல வேலை பார்க்கல நைனா” என்றார்.

தானியேலை இழுத்துக்கொண்டு ஐயரிடம் ஓடினேன். நடந்ததை நான் படபடவென்று கொட்ட, அவர் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

“ரகசியமாத் திருப்பிக் கொடுத்திரலாமா ஐயரே?” என்றேன்.

“கூடாது” என்றார். “தாவீது என்ன செய்தான்? தூரத்துல, எல்லார் காதிலும் விழுற இடத்துல நின்னு கூப்பிட்டான். திருட்டுத்தனமாக் கொண்டு வைக்கல.” பிறகு தானியேலைப் பார்த்தார். “சவுல் நல்லவன்னு தாவீது அவனை விடலப்பா. அவன் தலையில ஊத்தின அபிஷேக எண்ணெய்க்குப் பயந்து விட்டான். இன்னொரு சமயம் சவுலோட சால்வை ஓரத்தை அறுத்ததுக்கே அவன் மனசு அவனை அடிச்சுது. நீ முழுசா எடுத்துட்டு வந்திருக்க. முதல்ல மன்னிப்புக் கேளு. நியாயம் பேசுறதெல்லாம் அப்புறம்.” என்னிடம் திரும்பி, “இன்னிக்கு வியாழக்கிழமைதானே? உம்ம கூட்டத்திலேயே வச்சிரும். கிழவரைக் கூட்டிட்டு வாரது உம்ம பாடு” என்றார்.

மேஸ்திரி கப்பலை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனபோது கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யோசேப்பு கட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கோபமாயிருப்பார் என்று நினைத்துப் போனேன். கண்டது பயம்.

“எனக்காவ ஒண்ணியும் இல்ல உபதேசியாரே” என்றார். “வயசாயிட்ச்சு, கொக்கியை எவனுக்காவது குட்த்துதான் ஆவணும். ஆனா புது மேஸ்திரி வந்தா மொதல்ல பழைய மேஸ்திரி ஆளைத்தான் தொரத்துவான். நான் வந்த அன்னிக்கு இன்னா பண்ணேன் தெரியுமா? எனக்கு முன்னாடி இருந்தவரோட தம்பி குச்சி எண்ணிகினு இருந்தாரு. அவரைத் தூக்கினேன். அவரு அழுதுகினே போனாரு. அதே எடத்துல இன்னிக்கு இவன் குந்திகினு கீறான்.”

“தானியேல் உங்க மருமகன். யோசேப்பு அவனுக்கு மச்சான்” என்றேன்.

“மருமவனாவது மச்சானாவது! கொக்கி கைக்கு வந்தா ஆளு வேறயாப் பூடுவான். நானே ஆயிட்டேனே!”

அங்கே எனக்கு விளங்கியது. பாட்டும் இல்லை, பட்டமும் இல்லை. தனக்குப் பிறகு இந்தப் பிள்ளையின் கதி என்ன என்பதுதான் அவரை அப்படி ஆட்டிவைத்தது. “இன்னிக்குக் கூட்டத்துக்கு வாங்க. வரலைன்னா நானே தூக்கிட்டுப் போவேன்” என்றேன். என் உடம்பையும் அவர் உடம்பையும் பார்த்து யோசேப்பு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் கிழவர் எழுந்தார்.

வெயில் தாழ்ந்ததும் பூவரச மரத்தடியில் கூட்டம் நெரிந்தது. ஐயர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதர் பாயும் மதிலோரம் நின்றிருந்தார். தானியேல் கொக்கியைத் துண்டோடு இரண்டு கையிலும் ஏந்தி, தெரு ஓரத்தில் தள்ளி நின்றான். முதலில் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக மன்னிப்புக் கேட்டான். மேஸ்திரி தலை நிமிரவில்லை.

நான் ஈட்டிக் கதையைத் தொடவில்லை. அதற்கு முந்தின குகைக் கதையைத் திரும்ப எடுத்தேன். இருட்டுக் குகைக்குள் சவுல் தனியாக அகப்பட்டும், அபிஷேகம் பண்ணப்பட்டவன் மேல் கை வைக்கமாட்டேன் என்று தாவீது சொன்னது. வெளியே வந்து தூரத்தில் நின்று கூப்பிட்டது. சவுல் ஓவென்று அழுதது. நீதான் ராஜாவாவாய் என்று தெரிகிறது, ஆனால் என் சந்ததியை அழிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்று கேட்டது. அதுவரை சொல்லி நிறுத்தினேன். வழக்கம்போல் வேஷம் கொடுக்கும் நேரம்.

“மேஸ்திரி, நீங்க சவுல். தாவீது அங்கே நிற்கிறான். இன்னா சொல்லுவீங்க?”

அதுவரை அவரை ஒருநாளும் எழுப்பியதில்லை. அந்தத் தைரியம் எவனுக்கும் கிடையாது. கிழவர் மெதுவாக எழுந்தார்.

“அந்த சத்தியத்த தாவீது காப்பாத்துனானா?” என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, ஐயரைக் கேட்டார்.

ஐயர் கண்ணாடியைத் தொடவே இல்லை. “உபதேசியார் சொல்லுவார்” என்றார்.

காப்பாற்றினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொக்கி கைமாறும், கப்பல் வேலை தொடங்கும், தானியேல் வீட்டில் அடுப்பெரியும். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கிழவர் கதைக்காகக் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைக்காகக் கேட்கிறார். அவரிடம் பாதியைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“சவுலுடைய பேரன் ஒருத்தன், மேவிபோசேத்து. இரண்டு காலும் முடம். அவனைத் தாவீது கூட்டி வந்து, கடைசிவரை தன் பந்தியிலேயே சாப்பாடு போட்டு வைத்திருந்தான்” என்றேன். மேஸ்திரி முகம் மலர்ந்தது. “ஆனால் பிற்பாடு தேசத்தில் பஞ்சம் வந்தது. அப்போது சவுல் வம்சத்தில் ஏழு பேரைத் தாவீதே தூக்குக்குக் கொடுத்தான்.”

மேஸ்திரி திரும்பித் தானியேலைப் பார்த்தார். “பார்த்தியா?” என்றார். அவ்வளவுதான். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

தானியேல் தெருவோரத்திலிருந்தே கத்தினான். “தாவீதை வுடு மாமா! அவன் ராஜா, ஆயிரம் பேஜாரு அவனுக்கு. நான் தானியேலு. இத்தப் புடி, உன் உசுரு கீற வரைக்கும் உன் கையிலதான் இது இருக்கணும். நீயா குட்த்தாத்தான் வாங்குவேன். வாங்கினப்புறம் யோசேப்பு குச்சியாண்ட குந்திகினு கீற வரைக்கும்தான் நான் மேஸ்திரி. அவனை எவனாவது எழுப்பினா, நானும் எழுந்துடுவேன்.”

யோசேப்பு, “டேய், என்னை ஏன்டா இதுல இழுக்கறே?” என்று கத்தினான். அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தான். மேஸ்திரி நடந்து போய்க் கொக்கியை வாங்கிக்கொண்டார். “நாளைக்கி வேலைக்கி வா” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரிக்கு மூச்சிளைப்பு வந்தபோது, கப்பல்மேல் எல்லோர் முன்னிலையிலும் கொக்கியைத் தானியேல் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கையில் விழுந்தார். யோசேப்பு குச்சியிலேயே இருந்தான். தானியேல் நல்ல மேஸ்திரியாக இருந்தான்.

பிறகு துறைமுகத்தில் ஆட்களைப் பதிவு செய்கிற புது முறை வந்தது. அதனால் ஜனங்களுக்கு நன்மைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உடம்பு முழுசாக உள்ளவனுக்குத்தான் இடம். கணக்கெழுத குமாஸ்தா வந்துவிட்டதால் குச்சி வேண்டாம் என்றார்கள். யோசேப்பைப் போகச் சொன்னார்கள். அவன் கட்டையை ஊன்றி எழுந்தான். அவன் எழுந்ததும், தானியேல் கொக்கியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்துவிட்டு அவன் பின்னாலேயே இறங்கிவிட்டான். “உனக்குப் பைத்தியமா? நீ இருக்கலாம், அவன்தான் போகணும்” என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். “நான் சொல்லிட்டேன் சார்” என்று மட்டும் சொன்னானாம். வேறு எவனும் கூடப் போகவில்லை. அவனவனுக்குக் குடும்பம் இருக்கிறது, நான் யாரையும் நோகமாட்டேன். தானியேல் திருவொற்றியூரில் ஒரு மரக்கிடங்கில் பலகை சுமக்கிற கூலியாகச் சேர்ந்தான். யோசேப்புக்கும் வாசலில் உட்கார ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தான்.

இதைக் கிழவரிடம் யார் சொல்வது? நான்தான் போனேன். படுத்திருந்தார், கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“எழுந்துட்டானா?” என்றார்.

“எழுந்துட்டான், மேஸ்திரி.”

கண்ணீர் காதுவரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “என் பெரிய மவனை வரச் சொல்லுங்க” என்றார்.

யோசேப்பு கொல்லைப்பக்கம் இருந்தான். அவனைக் கூப்பிட எழுந்தேன். கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் சின்னவன், உபதேசியாரே” என்றார்.